கடைமடை அறை

எங்கள் ஊர் ஸிஃப்தாவில் மதகுத் துறைக்காரர்களின் பெண்டாட்டிமார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். ராஸ் அல்-பர் கடற்கரையில் துறை கட்டிய ஓய்வில்லம் எப்படி இருக்கிறது, பிள்ளைகுட்டிகளோடு போகலாமா என்று. ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். கட்டில் நன்றாக இருந்தது. காலையில் மொச்சைக்கு எண்ணெய் தாராளமாக ஊற்றினார்கள். ஜன்னலைத் திறந்தால் கடல் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் என் புருஷன் அங்கே மௌத்தானார். எண்ணெயைப் பற்றி மட்டும் கேட்டவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

என் புருஷன் ரிஃபாத் மதகுத் துறையில் முறைக் குமாஸ்தா. எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று சொல்கிற வேலை. ஆயுசு முழுக்க ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வயல் காய்ந்து வந்து நிற்கிற விவசாயியிடம், "உங்க முறை வரும், போங்க" என்று சொன்ன மனுஷன். கடலை அவர் பார்த்ததே கிடையாது. "நான் தொறக்கச் சொன்ன தண்ணியெல்லாம் கடைசியில எங்க போய் விழுதுன்னு ஒரு தடவை பாத்துடணும் தஹானி" என்பார். வருஷா வருஷம் ஓய்வில்லத்துக்கு மனுப் போட்டார். வேலையை விட்டு ஓய்வு பெறுகிற வருஷத்தில் இடம் கிடைத்தது. ஒரு துண்டு வாங்கினார், நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்டது. அதை வீட்டிலேயே தோளில் போட்டுப் பார்த்தார்.

வேறு எந்தத் துறையாவது கடற்கரையில் ஓய்வில்லம் கட்டியிருந்தால், கடலை அதன் பாட்டுக்கு விட்டிருக்கும். இது மதகுக்காரர்கள் கட்டியது. இவர்களுக்குக் கடல் என்பது இன்னும் மதகு வைக்காத ஒரு பெரிய வாய்க்கால். அதனால் மணலை ஒட்டி நீளமாக ஒரு சுவர் எழுப்பி, நடுவில் ஓர் இரும்புக் கதவு வைத்து, ஊதல் ஊத ஓர் ஆளையும் நிறுத்திவிட்டார்கள். முதல் நாள் மாலை எங்களோடு ஒரு வாரம் தங்க வந்த எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து மேலாளர் உஸ்தாத் இஸ்மத் வரவேற்புரை சொன்னார். அந்தப் புழுக்கத்திலும் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார்.

"இது ஓட்டல் இல்ல. உங்க அம்மா வீடு," என்றார். "அம்மா வீட்டுல யாரும் நெனச்ச நேரத்துக்குக் கதவத் தொறந்துட்டு ஓடமாட்டாங்க. கடலுக்கும் முறை உண்டு. தலைமடை அறைக்காரங்க முதல்ல எறங்குவாங்க. அவங்களுக்கு நெறஞ்ச பிறகு நடுமடை. அப்புறம் கடைமடை. எல்லாரும் ஒரே நேரத்துல எறங்கிட்டா கடைசி ஆளுக்கு என்ன மிஞ்சும், சொல்லுங்க?"

பக்கத்து அறைக்கு வந்திருந்த ஸக்கிய்யா வாயை அடக்கத் தெரியாதவள். கடல் தீர்ந்தா போய்விடும் என்று கேட்டுவிட்டாள். இஸ்மத் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நைல் தண்ணியப் பத்தியும் நம்ம பாட்டன்மாரு இப்படித்தாம்மா கேட்டாங்க," என்றார். கூடத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். என் புருஷனும்தான்.

தலைமடை அறைகள் பொறியாளர்களுக்கு. எங்களுக்குக் கொடுத்தது நடையின் கோடியில், சமையற்கட்டுக்குப் பின்னால், கடைமடையிலும் கடைசி. முதல் நாள் தலைமடைக்காரர்கள் சாவகாசமாகக் குளித்துவிட்டு வந்தார்கள். அந்தத் தாமதம் நடுமடைக்கு இறங்கி, அங்கிருந்து எங்களுக்கு இறங்கியது. எங்கள் முறை வந்தபோது பொழுது சாய்ந்து, ஊதல் ஊதிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். இரண்டாம் நாளும் அதே கதை. நான் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். ரிஃபாத் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "முறைன்னா முறைதான் தஹானி. வரும்," என்றார். தன் வேலையைத் தனக்கே செய்துகொண்ட மனுஷனை நான் என்னவென்று திட்டுவது?

மூன்றாம் நாள் காலையிலேயே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் புதினா போட்டுத் தேநீர் எடுத்துக்கொண்டு வந்தேன். தலை சுவரில் சாய்ந்திருந்தது. துண்டு கீழே கிடந்தது. கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். ஸக்கிய்யா சத்தம் கேட்டு வந்து பார்த்தாள், கலிமா சொன்னாள், இரண்டு விரலால் அவர் கண்களை மூடினாள். "அக்கா, போயிட்டாரு," என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. கண்ணை மூடிய பிறகும் அந்த முகம் முறைக்குக் காத்திருக்கிற முகமாகவே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆகஸ்ட் மாச வெயில். எங்கள் ஜனங்கள் மய்யித்தை, செத்த உடம்பை, வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. பொழுது சாய்கிற மஃரிபுக்கு முன்னால் ஊர் மண்ணில், அவரைப் பெற்ற அத்தாவுக்குப் பக்கத்தில் அவரை வைத்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மகன் ஹிஷாமுக்குப் போன் போட்டேன். அவன் அழுது முடித்து, கபர்க் குழியைத் திறக்கச் சொல்லிவிடுகிறேன், சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா எடுத்துவிடலாம், கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் அம்மா என்றான். அதற்கு வேண்டியது ஒன்றுதான். ராஸ் அல்-பர் சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்து அடக்கம் செய்ய அனுமதி தரவேண்டும். அவரைக் கூப்பிட வேண்டியவர் இடத்துக்குப் பொறுப்பானவர். அதாவது உஸ்தாத் இஸ்மத்.

இஸ்மத் ஓடிவந்தார். பார்த்தார். எங்கள் ஊரில் மௌத்தைப் பார்த்தால் நாக்கு தானாகச் சொல்லிவிடும் ஒரு வார்த்தை உண்டு. அதை அவர் நாக்கும் சொன்னது.

"மிச்சம் உங்க ஆயுசுல, ஹிஷாமம்மா."

செத்தவர் வாழாமல் விட்ட நாளெல்லாம் இருக்கிறவருக்குச் சேரட்டும் என்பது அதற்கு அர்த்தம். "உங்க ஆயுசுலயும்," என்று நான் முறைப்படி பதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "நான் இப்ப சொன்னது யார் காதுலயும் விழல," என்றார்.

விஷயம் இதுதான். ஓய்வில்லம் திறந்த நாளிலிருந்து அங்கே ஒரு மௌத்து நடந்ததில்லை. அதற்காகவே துறையில் ஒரு கேடயம் தருகிறார்கள், 'குறையில்லா ஓய்வில்லம்' என்று. வியாழக்கிழமை துணை இயக்குநரே வந்து அதைக் கையில் கொடுப்பதாக இருந்தது. "இங்க யாரும் சாகறதில்ல ஹிஷாமம்மா, அது எங்க கொள்கை," என்றார் இஸ்மத். "வர்றதுக்கு முன்னாடி செத்தவங்க உண்டு. வீட்டுக்குப் போய்ச் செத்தவங்களும் உண்டு. ரெண்டையும் நாங்க தடுத்ததில்ல. இவரு ஏன் நடுவுல அவசரப்பட்டாரு?"

ஓய்வில்லத்து டாக்டர் வந்தார். மணிக்கட்டை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சு இல்லை, நாடி இல்லை, ஆனால் இவையெல்லாம் அறிகுறிகள்தான், நோய் இன்னதென்று இப்போதே சொல்ல முடியாது என்றார். நோயாளிக்கு முழு ஓய்வு வேண்டுமாம். இரண்டு நாளைக்குக் கடல் பக்கமே போகக் கூடாதாம். போகிற வேகத்தில் ஸ்டெதஸ்கோப்பை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஸக்கிய்யா விடவில்லை. எங்களில் ஜென்மப் பகையாளிகூடச் சொன்ன துக்கத்தைத் திரும்ப வாங்குவதில்லை. "சொன்னீங்க உஸ்தாத்," என்றாள். "அவங்க பதிலும் சொல்லிட்டாங்க. அதோட மௌத்து ஆயிடுச்சு. ஆய்வாளரக் கூப்பிடுங்க."

இஸ்மத் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"சரி, சொன்னேன். மறுக்கல. என்ன சொன்னேன்? மிச்சம் உங்க ஆயுசுலன்னு சொன்னேன். அவருக்கு இங்க நாலு நாள் மிச்சம் இருக்கு. அது இப்ப உங்களோடது, நீங்களும் ஒத்துக்கிட்டீங்க. உங்களுக்கே ஒரு நாலு நாள் இருக்கு. ரெண்டையும் தங்கி முடிச்சாத்தானே நீங்க கெளம்ப முடியும்? அவரு உங்க கூட வந்த விருந்தாளி. உங்கள விட்டுட்டுத் தனியா அவர அனுப்ப எங்க சட்டத்துல எடமில்லம்மா."

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. வரவு வைத்துத் தருகிற ஆளின் சந்தோஷம்தான் இருந்தது.

அவரை அறைக்குத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினோம். சேதி பரவி, கடைமடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நல்ல ஜனங்கள்தான். மிச்சம் உங்க ஆயுசுல என்றார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகும் போகாமல் வாசலில் நின்றார்கள். மூன்று பிள்ளைகளைக் கொண்டுவந்திருந்த ஒருவன்தான் கடைசியில் வாயைத் திறந்தான். இன்றைக்கு உங்கள் அறைக்குக் கடல் முறை வந்தால் அது வீணாகத்தானே போகும், எங்களுக்குத் திருப்பிவிட்டால் செத்தவருக்கும் புண்ணியம் என்றான். அவன் பெண்டாட்டி அவன் விலாவில் இடித்தாள். இடித்துவிட்டு என் பதிலுக்கு அவளும் காத்திருந்தாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். உடனே பின்னால் நின்ற இன்னொருவன், அதெப்படி, கேட்பதற்காகவே நான்தான் முன்னால் வந்தேன் என்றான். மய்யித்துக்கு மேலே அவர்கள் முறைக்கு அடித்துக்கொண்டார்கள்.

மதியம் அறை கொதித்தது. ஸக்கிய்யா சமையற்கட்டில் சண்டை போட்டு மீன் வைக்கிற தொட்டியில் ஐஸ் கொண்டுவந்தாள். அங்கங்கே மீன் செதில் ஒட்டிய ஐஸ் கட்டிகளை அவர் விலாவில் அடுக்கினோம். சாப்பாட்டுத் தட்டு இரண்டு பேருக்கு வந்தது. ஒன்றைத் திருப்பிக் கொண்டுபோங்கள் என்றால் பரிமாறுகிறவன் ஒத்துக்கொள்ளவில்லை, விருந்தாளி பட்டினி கிடந்தால் தன் வேலை போய்விடும் என்றான். அவர் தட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனான். ஈ மொய்த்தது. எதன் மேல் உட்காருவது என்று அதற்குக் குழப்பம்.

ஹிஷாம் மறுபடி கூப்பிட்டான். கபர் திறந்தாகிவிட்டது, ஜனங்கள் பள்ளிவாசலில் கூடிவிட்டார்கள், எந்த இடத்தில் வருகிறீர்கள் என்றான். இன்னும் வாசலைத் தாண்டவில்லை என்றேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தபோது அவர் காதுமடல் நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

நான் எழுந்து இஸ்மத்தின் அறைக்குப் போனேன். கெஞ்சக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். போய்க் கெஞ்சினேன். "உங்க கேடயத்த நீங்களே வச்சுக்குங்க உஸ்தாத். எனக்கு எதுவும் வேண்டாம். யாருகிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன். என் புருஷன மட்டும் குடுங்க. உடம்பு கெட்டுப்போறதுக்குள்ள நான் அவர மண்ணுல வைக்கணும்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும், அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. எனக்குச் சோம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எழுந்து ஜன்னல் பக்கம் போய்ச் சுவரையும் கதவையும் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"கதவுக்கு இந்தப் பக்கம்தாம்மா ஓய்வில்லம். அந்தப் பக்கம் கடலோரக் காவல்காரங்க பொறுப்பு. அங்க யார் வேணா சாகலாம். எங்களுக்குச் சேராது." என் முகத்தைப் பார்த்தார். "என் வேலைக்காலத்துல முறை தவறி நான் ஒருத்தருக்கும் கடல் தொறந்ததில்ல. அமைச்சரோட மச்சினனுக்கே தொறக்கல. ரிஃபாத்துக்குத் தொறக்கறேன்."

நன்றி சொல்வேன் என்று காத்திருந்தார். நான் சொன்னேன்.

அதே பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, கடைமடைக்காரர்கள் நாலு பேர் தூக்கினார்கள். இரும்புக் கதவில் ஊதல்காரன் மறித்தான். ஜல்லாபியா அங்கி போட்டுக்கொண்டு யாரும் கடலுக்குள் போகக் கூடாது, குளியல் உடை கட்டாயம் என்றான். மய்யித்து என்று ஸக்கிய்யா கத்தினாள். இஸ்மத் உடனே, "மய்யித்து இல்ல, குளிக்கப் போறவரு," என்று திருத்தினார். திருத்தியதும் ஊதல்காரனுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. அப்படியானால் குளியல் உடை வேண்டும் என்றான். ஒரு போர்வையைப் பிடித்து மறைத்துக்கொண்டு, விறைத்துப்போன கைகளிலிருந்து நான் ஜல்லாபியாவைக் கழற்றினேன். யாரோ ஒருவனுடைய அரைக்கால் சட்டையை மாட்டினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைத் தவிர ஒருத்தர் முன்னால் சட்டை கழற்றாத மனுஷன். தலைமடைக்காரர்கள் தண்ணீரில் நின்றபடி, எங்கள் நேரத்தில் கடைமடை ஆள் எப்படி வரலாம் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அலை வந்து அவர் பாதத்தை நனைத்தது. இதற்குத்தானே ஆசைப்பட்டீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் காதில் சொன்னேன். சொல்லும்போது என்னை நானே வெறுத்தேன். மார்பளவு தண்ணீரில் நாற்காலியைச் சாய்த்தார்கள். இஸ்மத் தானே ஊதலை வாங்கி ஊதி, முழுகுறாரு, முழுகுறாரு என்று கத்தினார். கடலோரக் காவல்காரர்கள் பாய்ந்து வந்து அவரை இழுத்துப்போட்டு, கடமை தவறாமல் நெஞ்சை அமுக்கினார்கள். ஒரு விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு காவல் அதிகாரி நிமிர்ந்து, உயிர் இல்லை என்றார். இஸ்மத் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தார். "மிச்சம் உங்க ஆயுசுல," என்றார், இந்தத் தடவை எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

ஹிஷாமுக்குப் போன் போட்டு, வருகிறோம், யாரையும் கலையவிடாதே என்றேன். அப்போதுதான் காவல் அதிகாரி சொன்னார். முழுகிச் செத்தவருக்குச் சுகாதார ஆய்வாளர் அனுமதி செல்லாது, அரசு வழக்கறிஞர் பார்க்க வேண்டும், உடம்பை மருத்துவமனையில் அறுத்துப் பார்க்க வேண்டும். இதை இஸ்மத்தும் அறிந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன். அவர் பொறுப்பு கதவோடு முடிந்துவிடுகிறது.

அறுத்துப் பார்க்கிற டாக்டர் ஊரில் இல்லை. அவர் துறைக்கு மர்ஸா மத்ரூஹில் ஓர் ஓய்வில்லம் இருக்கிறதாம். அங்கே போயிருந்தார். நடுவில் யாரையும் வெளியே விடமாட்டார்களாம். மருத்துவமனைக் குளிர்ப்பெட்டி நிரம்பியிருந்தது. கோடைக்காலம், இடம் ஆகும்போது வைப்போம் என்று சொல்லி அவரை ஒரு நடையில் தள்ளி வைத்தார்கள். ஹிஷாம் வந்து சேர்ந்தான். ஊரில் திறந்த கபரைத் திரும்ப மூடச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

டாக்டர் திரும்பி வந்து அறுத்தார். நுரையீரலில் ஒரு சொட்டுக் கடல் தண்ணீர் இல்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அரசு வழக்கறிஞர் சின்னப் பையன், என் ஹிஷாமைவிட இளையவன். முன்பே செத்த ஆளை யார் தண்ணீரில் போட்டது, எதற்காகப் போட்டது என்று கேட்டான். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவன் நம்பவில்லை. நம்பாததற்கு அவனைக் குறை சொல்ல மாட்டேன். இஸ்மத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். புதுக் கேடயம் வாங்கிய மறுநாள் அது. இஸ்மத் வந்து எழுந்து நின்று பதில் சொன்னார், நிறுத்தி நிதானமாக.

"அய்யா, அந்த நேரத்துல கடைமடை அறைக்குக் கடல் தொறக்கல. முறையில்லாத நேரத்துல எங்க விருந்தாளி கடல்ல எறங்க முடியாது. எறங்காதவரு முழுக முடியாது. முழுகாதவரு சாக முடியாது. ஓய்வில்லத்துக்குள்ளயும் யாரும் சாகல. கேடயமே இருக்கு."

"அப்ப இவங்க புருஷன் எங்கதான் செத்தாரு?"

"அது எங்க துறை இல்லைங்க அய்யா."

பையன் பேனாவை மேசையில் போட்டான். வேறெந்தச் சாட்சியும் அவனுக்கு இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்க மாட்டார். என்னை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றான். ஸக்கிய்யா இல்லாவிட்டால் நான் இன்னும் அங்கேதான் இருப்பேன். அவள் புருஷன் தடுக்கத் தடுக்கக் கேட்காமல் வந்து, நாற்காலியைத் தூக்கிய நாலு பேரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து சாட்சி சொல்ல நிறுத்தினாள். அதற்கப்புறம்தான் அவரைக் கொடுத்தார்கள்.

ஊருக்குக் கொண்டுவந்தோம். கபரை மறுபடி திறந்தார்கள். குளிப்பாட்ட உள்ளே போனவர்கள் பாதியில் வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பப் போனார்கள். கற்பூரத்தை அள்ளிக் கொட்டியிருந்தார்கள், வாசலுக்கே வந்து அடித்தது. கூடவே அந்த இன்னொரு நாற்றமும் வந்தது. கஃபன் துணியைச் சுற்றித் தூக்கியவர்கள் எல்லாரும் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். அவர் ஜன்னலுக்கு முன்னால் காலமெல்லாம் நின்ற விவசாயிகளும் அதில் இருந்தார்கள்.

மண்ணில் இறக்குவதற்கு முன்னால் வீட்டுக்காரி ஒரு தடவை முகம் பார்ப்பாள். நெற்றியில் முத்தம் வைப்பாள். அதற்காகத் தலைமாட்டு முடிச்சை மட்டும் போடாமல் வைத்திருந்தார்கள். எல்லாரும் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஹிஷாம் என் கையைப் பிடித்தான்.

"வாங்கம்மா. ஒரே ஒரு தடவை."

"நீ பாத்தியா?" என்றேன்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு முகம் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. கால் நகரவில்லை.

"முடிச்சப் போட்டுடு ஹிஷாம்," என்றேன்.